தப்பு மூலையில் ஓர் ஓட்டை

இரும்பில் ஓட்டை போட்டே வயிறு வளர்த்தவன் நான். மைசூரில் ஒரு தொழிற்சாலையில், பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். தகடு, குழாய், வார்ப்பு, எதைக் கொடுத்தாலும் துளைத்துவிடுவேன். கண்ணாடியையும் துளைக்கப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, ஒடம்பு நல்லாத்தான இருக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

நன்றாக இல்லை. அதனால்தான் அந்த யோசனையே வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பயந்துகொண்டிருந்த வயது எனக்கு. ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் இன்னொரு ஷிப்ட். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. தூக்கி உட்காரவைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நானும் என் மனைவியும் முகம் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் அப்பாவின் தலைக்கு மேலேதான். அவள் ஒரு அக்குளைப் பிடித்திருப்பாள், நான் இன்னொன்றை. "தூக்கட்டா?" "ம், தூக்குங்க." அந்த நாட்களில் எங்கள் தாம்பத்தியம் இந்த இரண்டு வார்த்தையில் நடந்தது.

அப்பா ஒரு காலத்தில் கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். விசில் ஊதப் பிடிக்காது அவருக்கு. விரலில் கிடந்த தடித்த வெள்ளி மோதிரத்தால் பஸ்ஸின் தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். டிரைவருக்கு அது போதும். வாதம் வந்து வலக்கை தொங்கிப்போன பிறகு மோதிரத்தைக் கழற்றி இடக்கையில் போட்டுவிட்டோம், அழகுக்காக. மறுநாளே இரும்பு நாற்காலியின் கைப்பிடியில் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

டக்.

ஒரு தட்டு. எப்போதும் ஒரே ஒரு தட்டு. காபி ஆறிப்போனால் தட்டுவார். மாத்திரையைப் பார்த்தால் தட்டுவார். ஃபேன் வேகம், வேட்டி முடிச்சு, ரேடியோ, வீட்டுக்கு வந்தவர்களின் அனுதாபம், எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு. எதை நிறுத்தச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது பயணிகளாகிய எங்கள் பொறுப்பு. கண்டுபிடிக்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு தட்டை, 'சரி, போகலாம்' என்கிற அந்தத் தட்டை, நோய்க்குப் பிறகு நாங்கள் கேட்டதே இல்லை.

இதற்கு மருந்தாக அமைந்தது ஒரு மீன்தொட்டி. நாலடி நீளத் தொட்டி. மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கியது. மகள் பெங்களூருக்குப் படிக்கப் போனாள். ஹாஸ்டலில் மீன் வளர்க்க விடமாட்டார்களாம். ஒரு நாள் கூடத்தைப் பெருக்குவதற்காக அப்பாவின் நாற்காலியை நகர்த்தித் தொட்டிக்கு எதிரே போட்டாள் என் மனைவி. மத்தியானம்வரை ஒரு தட்டும் இல்லை. பயந்துபோய் மூக்கில் கைவைத்துப் பார்த்தோம். மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆசாமி மீன் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு கறுப்பு மீன், கண் இரண்டும் வெளியே பிதுங்கியது, நேராகக் கண்ணாடிக்கு வந்து அவரை முறைக்கும். இவரும் முறைப்பார். சீட்டு வாங்காமல் ஏறியவனைப் பிடித்துவிட்ட மாதிரி அப்படியொரு பார்வை. அந்தப் பார்வை நீடிக்கும்போதே சோறு ஊட்டிவிடலாம், மாத்திரையையும் உள்ளே தள்ளிவிடலாம்.

அன்றிலிருந்து அந்தத் தொட்டி எங்கள் வீட்டின் நர்ஸ். நர்ஸுக்கு வாரா வாரம் தண்ணீர் மாற்ற வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீர் வரும் வேளை பார்த்து வாயை எடுக்க வேண்டும். நான் ஒருமுறையும் வேளைக்கு எடுத்ததில்லை. அந்த ஊரில் காவிரி குடித்தவர்கள் உண்டு, கபினி குடித்தவர்கள் உண்டு. வாரம் தவறாமல் மீன் குடித்த தண்ணீரைக் குடித்தவன் நான் ஒருவன்தான். பிறகு வாளி வாளியாகத் தூக்கிப் பின்பக்கம் கொட்டி, வாளி வாளியாகப் புதுத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அப்பாவைத் தூக்கும் அதே இடுப்புதான் இதற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியோடு குனிந்தவன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். நிமிர முடியவில்லை.

"என்னத்தத் தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"இடுப்பை."

அப்போதுதான் முடிவு செய்தேன். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு ஓட்டை. அதில் ஒரு குழாய், குழாயில் ஒரு திருகு. திறந்தால் அழுக்குத் தண்ணீர் பக்கத்து ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்குத் தானே ஓடும். மூட மறந்துவிட்டாலும் மீனுக்கு ஒரு சாண் தண்ணீர் மிஞ்சும். காகிதத்தில் வரைந்து பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. காகிதம் விரிசல் விடாது.

கண்ணாடிக் கடையில் கையை விரித்துவிட்டார்கள். கட்டின தொட்டியைத் தொடமாட்டோம், உடைந்தால் எங்களைக் கேட்கக் கூடாது என்றார்கள். கேட்கமாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது? உடைந்தால் அப்பா கேட்பாரே. டக், டக் என்று ஆயுசுக்கும் கேட்பாரே. என் பயம் மீனைப் பற்றியோ தொட்டியைப் பற்றியோ அல்ல. அந்தக் கண்ணாடி போய்விட்டால் அவருடைய வாய் எப்படித் திறக்கும் என்பதுதான்.

எங்கள் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடி துளைப்பதை ஒருமுறை பார்த்திருந்தேன். மெல்லிய பித்தளைக் குழாயின் விளிம்பில் அரத்தால் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டு, கையால் சுற்றும் டிரில்லில் மாட்டி, வால்வு தேய்க்கிற சொரசொரப்பான பசையைத் தடவி, தண்ணீர் விட்டு விட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். துளைப்பது என்று பெயர்தானே தவிர, அது தேய்ப்பது. பாதி ஆழம் வெளியிலிருந்து, மீதி உள்ளேயிருந்து. ஒரே பக்கமாகப் போனால் மறுபக்கம் சில்லு பெயர்ந்துவிடும்.

தசரா விடுமுறை வந்தது. தொழிற்சாலையில் முந்தின நாளே இயந்திரங்களுக்கு வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊர் முழுக்கத் தோரண விளக்கு பார்க்கக் கிளம்பியது. நான் மீன்களை நீல டிரம்முக்கு மாற்றினேன். அப்பாவின் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டோம். கூடத்தில் நடக்கப்போவதைப் பார்த்து அவர் பயப்படக் கூடாது என்று. பயப்பட அந்த வீட்டில் நான் ஒருவன் போதும்.

முதலில் ஒத்திகை. வீட்டில் உதிரிக் கண்ணாடி எதுவும் இல்லை. எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றினேன். பசை தடவி, தண்ணீர் விட்டு, நாலு சுற்றுச் சுற்றியதும் கண்ணாடி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவாக நேர்கோட்டில் பிளந்தது.

"அது பழைய விரிசலுங்க," என்றாள் மனைவி. "விடுங்க."

அழுத்தியதுதான் தப்பு என்று புரிந்தது. இருபது வருஷமாக இரும்பை அழுத்திப் பழகிய கை. கையிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, தொட்டியை ஜமக்காளத்தின் மேல் முகம் குப்புறக் கிடத்தினேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தேன். தொட்டி நின்ற இடத்துக்கு வலப்பக்கம். சரி. வலது மூலையில் மெழுகு பென்சிலால் வட்டம் போட்டேன். மனைவி சப்பாத்தி மாவைக் கயிறாகத் திரித்து, வட்டத்தைச் சுற்றி ஒரு வரப்புக் கட்டி, அதற்குள் தண்ணீர் விட்டாள். கண்ணாடி மேல் கைக்குட்டை அளவு வயல்.

சுற்றினேன். பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் பால் நிறமாயிற்று. அது கண்ணாடித் தூள், வேலை நடக்கிறது என்று அர்த்தம் என எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி, விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் 'டிக்' என்று தெளிவாக ஒரு சத்தம் கேட்டது. டிரில்லைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போச்சு. விட்டுடுச்சு. எவ்வளவு நீளத்துக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க."

"சத்தம் கேட்டுச்சே?"

"அது உங்க மொழங்காலு."

மறுபடியும் சுற்றினேன். அப்பாவின் நாற்காலியிலிருந்து 'டக்' என்று ஒன்று விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, எழுந்தேன். நிறுத்து என்கிறார். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எப்படித் தெரிந்தது? கண்ணாடி தாங்காது என்று ஏதோ ஓர் உள்ளுணர்வில் எச்சரிக்கிறாரா? அப்பா என் வாழ்க்கையில் தலையிட்ட மிகப் பெரிய தருணம் இதுதான் என்று நினைத்து, மெல்ல அவர் முன்னால் போய் மண்டியிட்டேன்.

"மாமாவுக்கு ஒண்ணுக்கு வருது," என்றாள் மனைவி, பாத்திரத்தோடு வந்து.

சாயங்காலத்துக்குள் பாதி ஆழம் இறங்கியிருந்தது. என் மணிக்கட்டு அதற்கு மேல் சுற்றமாட்டேன் என்றது. அப்பா அன்று பாதிச் சோறுதான் சாப்பிட்டிருந்தார். மீதிக்குத் தட்டினார். நாளைக்குக் காலையில் உள்பக்கம் ஒரு மணி நேர வேலை, மத்தியானச் சோற்றுக்கு மீன் வந்துவிடும் என்று அவரிடமே வாக்குக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்து கூடத்துக்கு வந்தால் டிரில்லைக் காணோம்.

பூஜை அலமாரிக்கு முன்னால் இருந்தது. குளித்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, கைப்பிடியில் செவ்வந்தி சூடி, மாப்பிள்ளைக் கோலத்தில். இரண்டு பக்கமும் அரிவாள்மனை, சுத்தியல், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி எல்லாம் கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. நான் வெட்டு வெட்டாக அறுத்துவைத்த பித்தளைக் குழாய்க்கும் ஒரு பொட்டு.

"இதை எதுக்கு எடுத்த?"

"நாளு கெழமை தெரியாதுங்களா? ஆயுத பூசை."

"பாதி ஓட்டை நிக்குது அங்க."

"நிக்கட்டும். எங்கியும் ஓடிராது."

"அரை மணி நேரம் குடு. பொட்டோடயே சுத்திட்டு, பூவு கலையாம திரும்ப வெச்சர்றேன்."

"பூசையில வெச்ச ஆயுதத்த நாளைக்குக் காலையிலதான் எடுக்கோணும். மாமா இருந்த பஸ்ஸையே அந்த ஓனரு இன்னிக்கி ரோட்டுக்கு எடுக்கமாட்டாராம். உங்க டிரில்லு என்ன பஸ்ஸவிடப் பெருசா?"

"அப்பா சாப்பிடணுமே?"

அதற்கும் அவள் டிரில்லைக் கொடுக்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் எடுத்திருக்கலாம். கையைக்கூட நீட்டினேன். எனக்குச் சாமி பயம் அவ்வளவாகக் கிடையாது. பண்டிகை நாளில் தொழிற்சாலையில் எத்தனையோ தடவை இயந்திரத்தைப் பிரித்திருக்கிறேன். அது இரும்பு. இதுவோ பாதி துளைத்த கண்ணாடி. இன்று எடுத்துச் சுற்றி, அது விரிந்துவிட்டால், காலத்துக்கும் அந்தச் செவ்வந்திப் பூவைச் சொல்லிக் காட்டுவாள். அதைவிட மோசம், நானே அதை நம்பிவிடுவேன். நீட்டிய கையால் குங்குமத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்பினேன்.

அந்தப் பகலை நினைத்தால் இப்போதும் கொட்டாவி வருகிறது. காலையில் இட்லியைக் காட்டினோம். டக். ரவைக் கஞ்சி. டக். மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொண்டுபோனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். டிரம்மிலிருந்த மீன்களை எவர்சில்வர் பேசினில் பிடித்துவந்து அவர் மடிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தேன். மேலேயிருந்து பார்த்தால் மீன் எல்லாம் ஒன்றுபோல முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கறுப்பு மீனின் முறைப்பு தெரியவில்லை. யாருடைய முதுகையோ காட்டி ஏமாற்றப் பார்க்கிறாயா என்பதுபோல என்னைப் பார்த்தார். டக். டி.வி.யைப் போட்டேன். யானைகளைக் காட்டினார்கள். டக். தெருவில் வாகனங்களுக்குப் பூஜை போட்டுப் பூசணிக்காய் உடைத்தார்கள். அந்தச் சத்தத்துக்கெல்லாம் அவர் தட்டவில்லை. எங்களுக்கு மட்டும் தட்டினார்.

மத்தியானச் சோறும் இறங்கவில்லை. என் மனைவி கிண்ணத்தோடு அவர் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தாள். "மாமா, ஒரு வாய் மாமா. நாளைக்கு மீனு வந்துருமுங்க மாமா." பிறகு கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவளும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

சாப்பிட்டுவிட்டு அந்தத் தட்டுச் சத்தத்துக்கு ஒளிந்து, தொட்டிக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தில் நீட்டிப் படுத்தேன். அப்போதுதான் தொட்டியைக் கீழேயிருந்து, கண்ணாடியின் வழியாகப் பார்த்தேன். பாதி ஓட்டை வெண்ணிலா மாதிரி தெரிந்தது. நிலா இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை.

எழுந்து உட்கார்ந்தேன். தொட்டியை மனசுக்குள் நிமிர்த்தினேன். மறுபடி கவிழ்த்தேன். மறுபடி நிமிர்த்தினேன். முன்னால் நின்று பார்த்தபோது ஜன்னல் வலப்பக்கம். அந்த வலப்பக்கத்தைப் பத்திரமாக மனசில் வைத்துக்கொண்டு, தொட்டியைக் குப்புறக் கிடத்தி, அதன் முதுகைப் பார்த்து உட்கார்ந்து, என் வலக்கைப் பக்கம் வட்டம் போட்டிருக்கிறேன். முதுகுப் பக்கத்து வலது, முன்பக்கத்துக்கு இடது. ஜன்னல் ஒரு கோடியில், ஓட்டை மறு கோடியில். அந்தக் கோடியில் சுவர் ஒன்று முட்டி நிற்கிறது. குழாயைத் திருப்ப முடியாது, திருகைத் திறக்கக் கைகூட நுழையாது.

இருபது வருஷ ஃபிட்டர்.

அடுக்களைக்குப் போய் நின்றேன். அவள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கற மாதிரியா இருக்குது நெலமை?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பக்கத்தில் போனால், முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, வேறு காரணத்துக்காக.

"இன்னொரு ஓட்டை போட்டர்றேன், சரியான மூலையில," என்றேன்.

"பேடவே பேடாங்க," என்றாள், ரொம்பப் பயந்தால் வருகிற கன்னடத்தில். வேண்டவே வேண்டாம். "ஒரு ஓட்டைக்கே மாமா பட்டினி. போட்டதை முடிங்க. ஓட்டை இருக்கற பக்கம் ஜன்னல் வர்ற மாதிரி தொட்டியை வெச்சுக்கலாம்."

"தொட்டிக்காக ஜன்னலை நகர்த்தச் சொல்றியா?"

"வீட்டுல வேற ஜன்னலே இல்லீங்களா?"

இருந்தது. தெருப்பக்கம் ஒன்று. அப்பாவுக்கு நோய் வந்த நாளிலிருந்து அதை நாங்கள் திறந்ததில்லை. எதிரே பஸ் நிறுத்தம். தூசி, புகை, ஹார்ன். நோயாளிக்குச் சத்தம் ஆகாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நாங்களாகவே முடிவுசெய்து, கதவைச் சாத்தி, திரை போட்டு, முன்னால் பீரோவையும் நகர்த்திவைத்திருந்தோம். அந்தச் சுவரில் தொட்டியை வைத்தால் ஜன்னல் இடப்பக்கம் வரும். நான் செய்த முட்டாள்தனத்துக்கு அளவெடுத்துக் கட்டிய மாதிரி.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, டிரில்லின் கைப்பிடியிலிருந்த பூவை எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டு, ஆயுதத்தை என்னிடம் கொடுத்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஊர்வலத்துக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். அப்பா காலைக் கஞ்சிக்கும் வாய் திறக்கவில்லை. தட்டுவதும் குறைந்துபோயிருந்தது. அந்தக் குறைவு எனக்குப் பிடிக்கவில்லை. தட்டத் தெம்பில்லாமல் நிறுத்துகிறாரோ என்று தோன்றிவிட்டது.

தொட்டியை மல்லாக்கப் புரட்டி, திறந்த பக்கத்தின் வழியாகத் தலையையும் கையையும் உள்ளே விட்டேன். மாவு வரப்பு, பசை, தண்ணீர். உள்ளே என் மூச்சே எனக்குக் கொதித்தது. பயந்து பயந்து சுற்றினேன். 'டிக்' என்றது. முழங்கால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சுற்றினேன். இன்னொரு 'டிக்'. இரண்டு முழங்கால் இருக்கிறதே என்று சுற்றினேன். திடீரென்று பிடி தளர்ந்து, குழாய் வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. வரப்பிலிருந்த தண்ணீர் முழுக்க ஓட்டை வழியாக ஜமக்காளத்தில் இறங்கியது.

நான் அசையவில்லை. தலையை வெளியே எடுக்கவும் இல்லை.

"ஏனுங்க?"

"பாரு. நீயே பாரு."

அவள் தொட்டியைத் தூக்கிப் பிடித்து அடியில் கைவிட்டு, காசு அளவுக்கு ஒரு கண்ணாடி வட்டத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே காட்டினாள். விரிசல் இல்லை. விளிம்பில் எள்ளளவு ஒரு சில்லு மட்டும். நான் தொட்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டேன். மீன்களுக்கு அங்கே என்ன சுகம் என்று அப்போது தெரிந்தது.

ஓட்டையில் மாட்டியது, மேல்தொட்டிகளுக்குப் போடுகிற நிப்பிள் என்கிற பிளாஸ்டிக் குழாய்த்துண்டு, இரண்டு பக்கமும் ரப்பர் வளையம். அதை முறுக்கும்போது இன்னொருமுறை செத்துப் பிழைத்தேன். அந்த விவரம் வேண்டாம், பழைய பயம்தான். பீரோவை நகர்த்தினோம். திரையைக் கழற்றினோம். ஜன்னல் கதவு ஒட்டிக்கொண்டிருந்தது, தோளால் இடித்துத் திறந்தேன். தொட்டியை நிறுத்தி, குழாயை ஜன்னல் கம்பிக்கு நடுவே வெளியே விட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பினேன். எந்த இடுப்பைக் காப்பாற்ற இவ்வளவும் செய்தேனோ அது இரண்டாகப் போயிற்று. ஓட்டையைச் சுற்றி விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒழுகவில்லை. நம்பாமல் துணியால் துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். வியர்வைதான், என்னுடையது.

மீன்களை விட்டோம். அப்பாவின் நாற்காலியைத் தூக்கி எதிரே போட்டோம். "தூக்கட்டா?" "தூக்குங்க."

திருகைச் சோதிக்க வேண்டுமே. திறந்தேன். தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடியது. அந்த வருஷங்களில் நான் கேட்ட சங்கீதம் அதுதான். கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வீட்டுக்கார அம்மாள் குரல் கேட்டது.

"ஏன் ஸார், மளே பந்தா?"

மழை வந்ததா என்று கேட்கிறார். எட்டிப் பார்த்தேன். பண்டிகைக்காக அவர் வாசல் நிறையப் போட்டிருந்த வண்ண மயில் கோலத்தின் நடுவே என் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மயிலுக்குத் தலை இருந்தது. மீதி சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து ஜன்னலுக்குப் போட்ட திட்டத்தைத் தெருவுக்கு மாற்றியவன், தண்ணீர் எங்கே விழும் என்று யோசிக்கவே இல்லை. திருகை மூடிவிட்டு, கன்னடத்தில் தெரிந்த மன்னிப்புகள் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"பரவால்ல பிடி ஸார்," என்றார், மயிலைப் பார்த்துக்கொண்டே. பரவாயில்லை என்று அர்த்தம். குரலில் அந்த அர்த்தம் இல்லை.

நான் மன்னிப்பை முடிப்பதற்குள் பின்னால் அந்தச் சத்தம் வந்தது.

டக்.

என் மனைவி கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். நானும் நின்றேன். மீன் வந்தாயிற்று. கறுப்பு மீன் கண்ணாடிக்கு வந்து முறைத்துக்கொண்டுதான் இருந்தது. இன்னும் எதை நிறுத்தச் சொல்கிறார்? எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. அவ்வளவு களைப்பு.

அவர் மீனைப் பார்க்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நிறுத்தத்தில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றிருந்தது. ஊர்வலம் பார்க்கப் போகிற கூட்டம் முண்டியடித்து ஏறியது. ஒரு பெண் குழந்தையை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் தொற்றினாள். கடைசி ஆள் படியில் கால் வைத்தான்.

டக், டக்.

பஸ் கிளம்பிப் போயிற்று.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தமுறை அவர் தலைக்கு மேலே இல்லை, நேராக. அவள் குந்தி உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள். அப்பா வாயைத் திறந்தார். அடுத்த பஸ் வருவதற்குள் பாதிக் கிண்ணம் காலி.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அமைதி என்பதே கிடையாது. முதல் பஸ் விடிவதற்கு முன்னால் வரும். ஒரு தட்டு, இரண்டு தட்டு. வெளியூர் பஸ், டவுன் பஸ், பள்ளிக்கூட பஸ், எதையும் அவர் அனுப்பாமல் விடுவதில்லை. நிறுத்தத்தில் நிற்காமல் போகிற டிரைவர்களுக்கு மட்டும் ஒரே தட்டாக, கோபத்தோடு, தெருக்கோடிவரை விழுந்துகொண்டே இருக்கும். இந்தத் தட்டை நிறுத்திவைத்திருந்த தொட்டிக்காகத்தான் நான் கண்ணாடியைத் துளைக்கவே ஆரம்பித்தேன். கறுப்பு மீன் அவரை முறைத்து முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மத்தியானம் பஸ் குறைகிற நேரத்தில் அதற்கும் கொஞ்சம் முறை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் திருகில் ஒரு நீளக் குழாயை மாட்டி, வாசலைச் சுற்றிக்கொண்டுபோய், வீட்டுக்கார அம்மாளின் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டேன். அந்த மயிலுக்கு அபராதம்.

ஆனால் அது பிறகு. அந்த விஜயதசமி அன்று, அப்பா சாப்பிட்டு முடித்ததும், ஈர ஜமக்காளத்தில் நான் அப்படியே சாய்ந்தேன். கையில் பசை, மீசையில் மாவு. அடுத்த பஸ் வந்து நின்றது. டக்.

"ஏனுங்க, இங்க சத்தமா இருக்குது. உள்ள போயிப் படுங்க," என்றாள் மனைவி.

"விடு," என்றேன். "ஏறி உட்கார்ந்தாச்சு."

டக், டக் என்றது எங்கேயோ மேலே. அதற்குப் பிறகு எந்த ஊர் வந்தது என்று எனக்குத் தெரியாது.